களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுப் போன அரசன்

கேளுங்கள், பெரியவர்களே, குழந்தைகளே! கடலோரத்தில் அலைவாய்ப்பட்டினம் என்று ஓர் ஊர் இருந்த காலத்தில், அதை நெடுஞ்சேந்தன் என்ற அரசன் ஆண்டான். ஆண்டான் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. ஏன் என்று நீங்களே கேளுங்கள்.

ஒரு கோடையில் ஊருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. காலையில் வாந்தி, மாலையில் பாடை.

முதல் நாள் வணிகர்கள் வண்டி கட்டினார்கள். "நாட்டுப்புறம் போய்விட்டு வருகிறோம்" என்றார்கள். இரண்டாம் நாள் அரண்மனை வைத்தியர் மருந்துப் பெட்டிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவரும் "போய்விட்டு வருகிறேன்" என்றார். மூன்றாம் நாள் அரசனே கிளம்பினான். போகிற போக்கில் நெல் களஞ்சியத்தைப் பூட்டி முத்திரை வைத்தான்.

அரண்மனை வாசலில் காளாத்தி நின்றாள். வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து பிழைப்பவள். அவள் புருஷன் நோயில் கிடந்தான். அவனை விட்டுவிட்டு எங்கே ஓடுவாள்?

"மகாராசா, நீங்கள் போங்கள். களஞ்சியத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். இங்கே இருக்கிறவர்கள் சாப்பிட வேண்டாமா?"

"நான் திரும்பும்போது ஒரு நெல்மணி குறையக் கூடாது" என்றான் அரசன். பல்லக்கு நகர்ந்தது.

ஐந்தாம் நாள் புருஷன் செத்தான். அவனை எரித்துவிட்டு வரும் வழியில், வீடுகளுக்குள் பிள்ளைகள் பசியில் முனகுவதைக் காளாத்தி கேட்டாள். வீட்டுக்குப் போகவில்லை. கடப்பாரையை எடுத்துப் போய்ப் பூட்டை உடைத்தாள். கஞ்சி காய்ச்சித் தெருத்தெருவாக ஊற்றினாள்.

அரசனோ மேலக்காடு என்ற சிற்றூருக்குப் போய் என்ன செய்தான் தெரியுமா? அங்கிருந்த உழவர்களை வீட்டைவிட்டு விரட்டினான்! பரிவாரம் தங்க இடம் வேண்டுமாம்! பாவம், அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு நடந்து, நோய் பிடித்த பட்டினத்துக்கே வந்து சேர்ந்தார்கள். காளாத்தி அவர்களுக்கும் கஞ்சி ஊற்றினாள். அவர்கள் அவளோடு சேர்ந்து பிணம் சுமந்தார்கள்.

மழை வந்தது. நோய் தணிந்தது. அரசன் மேளதாளத்தோடு திரும்பினான்; வைத்தியரும் கூடவே வந்தார். உடைந்த பூட்டைப் பார்த்ததும் கத்தினான்: "யார் செய்த வேலை இது? அந்தக் கையை வெட்டுங்கள்!"

காளாத்தி முன்னால் வந்தாள். ஊரே அவள் பின்னால் நின்றது.

"கை இதோ இருக்கிறது. அதற்கு முன் மூன்று கேள்வி. குயவர் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள்?"

அரசன் விழித்தான்.

"அவர்களை யார் எரித்தது?"

அரசன் வைத்தியரைப் பார்த்தான். வைத்தியர் தரையைப் பார்த்தார்.

"தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இப்போது யார் வீட்டில் தூங்குகிறார்கள்?"

அரசன் திரும்பித் தன் பல்லக்கைப் பார்த்தான்.

"ஊரில் நடந்தது எதுவும் தெரியவில்லையே! அப்படியானால் நீங்கள் விருந்தாளி, மகாராசா. விருந்தாளிக்குக் கஞ்சி ஊற்றுவோம், பாய் விரிப்போம். ஆனால் வந்த வீட்டில் யாரையும் தண்டிக்க விருந்தாளிக்கு உரிமை கிடையாது."

வெட்ட வந்த வீரன் வாளைக் கீழே போட்டான். அரசனோடு போனபோது அவன் விட்டுச்சென்ற தாயை உயிரோடு வைத்திருந்தது காளாத்தியின் கஞ்சிதான்.

மேலக்காட்டு உழவர் ஒருவர் கலயம் நிறையக் கஞ்சியை அரசன் கையில் கொடுத்தார். பணிவாகத்தான் கேட்டார்: "குடித்துவிட்டு எப்போது கிளம்புகிறீர்கள்?"

அரசன் அன்றே கிளம்பினான். யாரும் வழியனுப்பப் போகவில்லை.

உயிருக்குப் பயந்து ஓடுவது குற்றமில்லை, ஆனால் தங்கியவர்களின் சோற்றைப் பூட்டிவிட்டு ஓடியவனுக்கு, திரும்பி வந்து அவர்களை ஆளும் உரிமை இல்லை.