வந்துட்டீங்களா?

கடலோர ஊரின் கம்ப்யூட்டர் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள் சகாயசெல்வி. பாடம் நடத்தும் திருவேங்கடம் சாருக்கு அவளைக் கண்டாலே இளக்காரம்.

"முடிவே இல்லாம ஓடுற புரோகிராம் ஒண்ணு எழுதும்மா. ஆனா கம்ப்யூட்டர் ஹேங் ஆகக் கூடாது. முடியலைன்னா வீட்டுக்குப் போய் மீன் கழுவு" என்றார்.

அவள் தட்டுத்தடுமாறி எழுதி ஓடவிட்டாள். 'வந்துட்டீங்களா?' என்று திரை கேட்டது. 'இல்லை' என்று தட்டினாள். மறுபடியும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது.

சார் சிரித்துக்கொண்டே கீபோர்டில் கை வைத்தார். "'வந்துட்டேன்'னு தட்டினா நின்னுடுமே. இது எப்படி முடிவில்லாததாகும்?"

"அதைத் தட்ட வேண்டியவர் என் வீட்டுக்காரர், சார். புயலன்னைக்குக் கடலுக்குப் போனவர். அவருக்குப் பதிலா நீங்க தட்டுறதுன்னா தட்டுங்க."

சார் கையை எடுத்துக்கொண்டார். திரையில் அந்தக் கேள்வி காத்துக்கொண்டிருந்தது.