தை மாதத்தில் கூடும் சபை

கருவேலங்குளத்தில் பேச்சி, சொர்ணம் என்று இரண்டு ஆமைகள் இருந்தன. அக்கா, தங்கை. அந்தக் குளத்தில் வேறு ஆமைகள் கிடையாது.

குளத்துக்கு ஒரு சபை உண்டு. வெளியூர்ப் பறவைகள் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும் தை மாதத்தில் அது கூடும். கூழைக்கடாதான் தலைவர். ஒரு தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் இறக்கையை விரிக்க வேண்டும். இறக்கை இல்லாதவர்கள் பேசலாம், அவ்வளவுதான். இதை யாரும் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு தையில் பேச்சி சபையில் பேசினாள். "ஐயா, முன்னெல்லாம் ஆனி வரைக்கும் தண்ணி நிக்கும். இப்போ சித்திரையிலேயே வத்திப்போகுது. வெயிலும் வருஷத்துக்கு வருஷம் கூடுது. நாங்க சேத்துல கிடந்து உசுர் பிழைக்கிறோம். ஏதாவது வழி பண்ணுங்க."

தலைவர் கழுத்தை நீட்டிக் குளத்தைப் பார்த்தார். குளம் ததும்பி நின்றது. "இவ்வளவு தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு வத்திப்போச்சுன்னு சொல்றியேம்மா," என்றார். நாரைகள் சிரித்தன.

'நிலைமையைக் கவனித்து வருகிறோம்' என்று தீர்மானம் போட்டார்கள். இறக்கைகள் விரிந்தன. பங்குனியில் எல்லோரும் பறந்து போனார்கள். கவனிக்க ஓர் ஆள் இல்லை.

அடுத்த தையில் பேச்சி மறுபடியும் போய் நின்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூன்று நாரைகளைக் கொண்ட குழு ஒன்று போட்டார்கள். குழு குளத்தை மேலே இருந்து ஏழு தடவை சுற்றிப் பார்த்தது. "நல்ல குளம்தான்," என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டது.

மூன்றாம் வருஷம் வரும் வழியில் தலைவரே ஒரு காய்ந்த ஏரியைப் பார்த்திருந்தார். "பேச்சி சொல்றது நிஜம்தான்," என்று சபையில் ஒப்புக்கொண்டார். பெரிய மனசுதான், இல்லை என்று சொல்லக் கூடாது. 'குளம் வற்றினால் அனைவரும் ஆற்று மடுவுக்குப் போய்விட வேண்டும்' என்று தீர்மானம் வந்தது.

"மடு எவ்வளவு தூரம் ஐயா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"பக்கம்தான். நாலு தடவை இறக்கையை அடிச்சா வந்துடும்."

சித்திரையில் குளம் வற்றியது. சொர்ணத்துக்குப் போக மனசில்லை. "அக்கா, நமக்கு இறக்கையா இருக்கு? இந்தச் சேத்துலயே கிடப்போம்."

"சபையில சொல்லியிருக்காங்க. யோசிக்காமலா சொல்லுவாங்க? கிளம்புடி," என்றாள் பேச்சி.

இரண்டு நாள் நடந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம், மரம் மட்டை இல்லாத கரிசல் காட்டில், சொர்ணம் நின்றுவிட்டாள். "நீ முன்னால போக்கா. நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்," என்றாள்.

அவள் வரவில்லை. பேச்சி திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஓடு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஒரு கோடை மழை பெய்தது. பேச்சி பிழைத்ததே அதனால்தான். மறுநாள் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

ஐப்பசியில் குளம் நிறைந்தது. தவளைகள் கும்மாளம் போட்டன. பேச்சிக்கு அந்தக் குளத்தைக் கண்டாலே பிடிக்கவில்லை. 'அக்கா' என்று கூப்பிட ஒருத்தி இல்லாத இடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்து என்ன? காலையில் கரையேறி வெயில் காயும்போது, பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுத்தான் படுப்பாள். பழக்கம் விடவில்லை. அப்புறம் ஞாபகம் வந்து அழுவாள்.

தையில் சபை கூடியது. "தங்கச்சி வரலையாம்மா?" என்று விசாரித்தார் தலைவர்.

"நீங்க சொன்ன மாதிரியே மடுவுக்குக் கிளம்பினா ஐயா. நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். பாதி வழியில செத்துப்போனா."

தலைவர் நீட்டிய கழுத்தை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். இந்தக் கூட்டத்தை மட்டும் ஒரு தடவை சித்திரையில வையுங்க. இதே இடத்துல," என்றாள் பேச்சி.

முதலில் தலைவர் இறக்கையை விரித்தார். பிறகு மற்றவர்கள்.

சொன்னபடி சித்திரையில் வந்து இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்கள். வெடித்த மண் அப்படிச் சுட்டது.

"குளம் எங்கே?" என்றார் தலைவர்.

"நீங்க நிக்கிறதுதான் ஐயா குளம்."

அன்றைக்குக் குழுவும் இல்லை, ஆய்வும் இல்லை. குளத்தின் நடுவில் இன்னும் ஈரம் இருந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம் தோண்டுவது என்று உடனே முடிவானது. கூழைக்கடாக்கள் அலகுப் பையில் மண் அள்ளிக் கரையில் கொட்டின. நாரைகள் கொத்திக் கொடுத்தன. நாலு நாளில் பள்ளம் தயார்.

அடுத்த சித்திரையில் குளம் வழக்கம்போல் வற்றியது. பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. தலைவர் அவ்வளவு தூரம் பறந்து வந்து பார்த்தார். பேச்சி நடுவில் தனியாக மிதந்துகொண்டிருந்தாள்.

"தண்ணி போதுமாம்மா?" என்று கேட்டார்.

"போதும் ஐயா," என்றாள் பேச்சி. "ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கும்."

கஷ்டம் நடக்கும் இடத்துக்கு, அது நடக்கும் காலத்திலேயே வந்து பார்க்காத சபை, கடைசியில் நல்ல சட்டமே போட்டாலும், அதற்குள் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள்.