கிரீஸுக்குள் இருந்தது

கோத்தகிரி ரைபிள் கிளப்பில் பரிமளம் மாஸ்டரிடம் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொண்டிருந்தார் தில்லைநாயகம். மாஸ்டர் ஒரு பெண்மணி; அவரைவிடச் சிஷ்யருக்குத்தான் வயது அதிகம். வாயும் அதிகம். சுடும்போது மட்டும் மூச்சைப் பிடிப்பார், மற்ற நேரமெல்லாம் பேச்சுதான்.

அன்று காலை வரும்போதே அவர் முகம் சரியில்லை.

“மாஸ்டர், என் தம்பி கதிரேசன் வந்திருக்கான். எதிர் டீக்கடையில உட்கார்ந்திருக்கான். பேசணுமாம். திருப்பி அனுப்பிடட்டுமா?”

“ஏன், கோபமா?”

“கோபமா? எனக்கா? சேச்சே! அப்பா செத்தப்போ கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை நான். நான் வந்த ரயில் லேட். போய்ச் சேர்றதுக்குள்ள இவன் கொள்ளி வெச்சு முடிச்சுட்டான். அன்னைக்கு மூடின வாய்தான். அந்தப் பேச்சை இதுவரைக்கும் ஒரு தடவைகூட நான் எடுத்தது கிடையாது. எல்லாம் எப்பவோ அடங்கிப்போச்சு.”

“அப்படியா?” என்றார் மாஸ்டர். “சரி, முதல்ல இதுல ஒரு கை பிடிங்க.”

கிடங்கிலிருந்து வந்த மரப்பெட்டி வெயிலில் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு பழைய துப்பாக்கிகள். கெடாமல் இருக்க யாரோ அந்தக் காலத்தில் பூசிய கிரீஸ், கருப்பட்டிப் பாகு மாதிரி அப்பிக் கிடந்தது. மாஸ்டர் ஒன்றை எடுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

வேலை லேசுப்பட்டதல்ல. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வெயில் ஏற ஏறத் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்தும் கசிந்தது. தில்லைநாயகம் விடுவாரா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு மண்ணெண்ணெய்த் துணியால் தேய் தேயென்று தேய்த்தார். கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். கடைசியில் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர் துள்ளிக் குதிக்காத குறைதான்.

“அடேயப்பா! மாஸ்டர், இங்க பாருங்க! துளி துரு இல்லை. நேத்துப் பட்டறையிலிருந்து வந்த மாதிரி இருக்கு!”

“நான் பிறக்கிறதுக்கு முன்னாடி பூசினது.”

“இன்னும் சுடுமா?”

“பேஷா. கடைசியா எப்படிச் சுட்டுச்சோ, அப்படியே சுடும்.”

“கிரீஸ் பூசாம வெளியே போட்டிருந்தா?”

“இந்த ஊர் மழைக்கு எப்பவோ துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும். இதை யாரும் வெளியே எடுக்கவே இல்லை. அதான் அப்படியே இருக்கு.”

தில்லைநாயகம் துப்பாக்கியையே பார்த்தார். அப்புறம் அதை மேசையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று வாசல் கேட்டுக்குப் போனார்.

“டேய் கதிரேசா!”

டீக்கடைக்காரரே திடுக்கிட்டுத் திரும்பினார்.

“எனக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாதாடா? நான் அவருக்குப் பிள்ளை இல்லையாடா?”

கதிரேசன் டம்ளரை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து ஓடிவந்தார்.

“தப்புதாண்ணே. பெரியவங்க அவசரப்படுத்தினாங்க, எனக்கும் எதிர்த்துச் சொல்லத் தைரியமில்லை. இதை நீ கேட்டுடமாட்டியான்னு அன்னையிலிருந்து தவிச்சுக்கிட்டிருக்கேன்.”

அண்ணனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையெல்லாம் கிரீஸ், கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. தன் சட்டைத் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே திரும்பிக் கேட்டார்:

“மாஸ்டர், இன்னைக்கு இவ்வளவு போதுமா?”

“பெட்டியில இன்னொண்ணு இருக்கே,” என்றார் மாஸ்டர். “அவரையும் உள்ளே கூட்டிட்டு வாங்க.”