கோமளாவோட கரி ரயில்

ஒரு ஊர்ல ஒரு ரயில் இருந்துச்சு. நெசமான ரயில் இல்லடா, உன் பென்சில் டப்பா அளவு இன்ஜின், பின்னாடி ரெண்டு கூட்ஸ் பெட்டி. அதுக்குச் சொந்தக்காரி கோமளா. கொழந்தை இல்ல, கல்யாணமான பெரியவ! வருஷா வருஷம் கொலுப்படிக்குக் கீழ தண்டவாளம் போட்டு ஓட்டுவா. குக்கூ... சிக்குபுக்கு சிக்குபுக்கு! ம் சொல்லு. ஆங், அப்படி!

ஒரு தடவை எதிர்வீட்டு விசாலம் வந்து பார்த்துட்டு, "ஏன்டி கோமு, வெறும் பெட்டி காத்து வாங்கப் போவுதா?"ன்னா பாரு, கோமளாவுக்குச் சுருக்குன்னுச்சு. "நாளைக்குள்ள இதுல கரி ஏத்தலைன்னா, ரயிலைப் பரண்ல போட்டுடறேன்!"னுட்டா. சொல்லிட்டாளே தவிர, உள்ளுக்குள்ள பதறுது. அந்த ரயில்னா அவளுக்கு உசிரு.

மறுநாள் காலையிலயே கரி ஏத்துற மேடை கட்ட உக்காந்தா. கடையில வாங்கல, எல்லாம் தானே வெட்டி ஒட்டினது. தீக்குச்சியில நாலு காலு, மேல அட்டைத் தொட்டி, தொட்டிக்கு அடியில ஒரு வாய், அதுக்கு மூடி, மூடியில நூலு. நூலை இழுத்தா கரி கொட்டணும். அடுப்புக்கரியத் தட்டிப் போட்டா. சடசட... டொம்! காலு முறிஞ்சு போச்சு.

அப்புறம் ஈர்க்குச்சியக் கட்டுக்கட்டா வெச்சுக் கால் போட்டா. ஜம்முன்னு நின்னுச்சு! நூலை இழுத்தா... ஊஹூம். கரி பெருசு, வாயில அடைச்சுக்கிச்சு.

இன்னும் பொடிசாத் தட்டப் போய், இருந்த கரியும் மாவாப் போச்சு. அப்போ புருஷன் ஏகாம்பரத்துக்குப் போன் போட்டா. பக்கத்துல மிக்ஸி கர்ர்ர்ருன்னு ஓடுது. "ஏங்க, வரும்போது கரி வாங்கிட்டு வாங்க! நல்லாப் பொடிசா!"

மனுஷன் என்ன வாங்கிட்டு வந்தார் தெரியுமா? அரைக்கிலோ கொத்துக்கறி!

"ஐயோ, கொலு வெச்ச வீட்டுல கறியா!"

"நானும் யோசிச்சேன் கோமு. ஆனா நீ கேட்டு நான் எதுக்கு மாட்டேன்னிருக்கேன்?"

கோவம் வந்த வேகத்துல சிரிப்பும் வந்துடுச்சு அவளுக்கு. பொட்டலம் வாசலோட தெருமுனை மணிக்குப் போச்சு. மணி யாரு? நாய்! அன்னிக்கு அதுக்குத்தான் பண்டிகை.

என்ன, ம் காணோம்? தூங்கிட்டியா? சரி, கேளு.

விளக்கு வெக்கிற நேரம். விசாலம் செருப்பு சத்தம் வாசல்ல. சரக் சரக். கோமளாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பரண் ஏணியப் பார்க்கறா, ரயிலைப் பார்க்கறா, அடுப்படியப் பார்க்கறா. அங்க அஞ்சறைப் பெட்டி! கறுப்பா, குட்டியா, உருண்டையா... கடுகு! தொட்டியத் துடைச்சு அவ்வளவு கடுகையும் கொட்டினா.

குக்கூ... ரயில் வந்து மேடைக்குக் கீழ நின்னுச்சு. நூலை இழுத்தா. சர்ர்ர்ர்ர்! ரெண்டு பெட்டியும் ரொம்பிடுச்சு.

"அடி ஆத்தி!"ன்னா விசாலம். அப்புறம் சுண்டல் கிண்ணத்தக் கையில வாங்கி, "ஏன்டி, தாளிக்கவே இல்லையா? ஒரு கடுகு காணோம்?"

கோமளா காயற எண்ணெய்க் கரண்டியத் தண்டவாளத்து ஓரம் நீட்டினா. "சரக்கு வருது, இறக்கிக்குங்க அக்கா."

விசாலமே பெட்டியக் கவுத்தா. படபடபடபட! வீடெல்லாம் வாசனை. காத்து வாங்குற ரயில்னு சொன்ன அதே வாய் மறுபடி கிண்ணத்த நீட்டுச்சு.

பரண் ஏணி மூலையிலயே நின்னுச்சு. ரயில்... சிக்கு... புக்கு... ஷெட்டுக்குப் போயிடுச்சு. கதையும் ஷெட்டுக்குப் போயிடுச்சு. கண்ண மூடு, தங்கம்.