பத்து மணிக்கு எடுத்த படம்

இதை எனக்கு முதலில் சொன்னது மேடானிலிருந்து வந்திருந்த பவளக்கொடி மதினி. என் சின்ன மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், சீர்த்தட்டுக்கு மஞ்சள் கிழங்கு கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இருந்தவர். இந்தோனேசியாவில் சுலவேசிக்குக் கீழே கிடக்கிற ஒரு சின்னத் தீவில் கேட்டு வந்தாராம்.

அந்தத் தீவில் ஆண்பிள்ளை பெயருக்கு முன்னால் 'லா' வரும். பெண்பிள்ளை பெயருக்கு முன்னால் 'வா' வரும்.

லா மன்சாவுக்கு நாற்பத்தாறு வயசு. கடலோரத் தெருவுக்கு அவர்தான் தலைவர். தெருவின் முத்திரை அவர் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது. சின்ன வயசில் கடலே கதியென்று இருந்துவிட்டதால் குர்ஆன் ஓதப் படிக்கவில்லை. இப்போதுதான் பொழுது சாயுமுன் வருகிற அசர் தொழுகைக்குப் பிறகு வா சியாராவிடம் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். வா சியாரா அவரைவிட எட்டு வயசு இளையவர். ஆனாலும் ஊரே அவரைக் குருவம்மா என்றுதான் கூப்பிட்டது.

ஊருக்கு முன்னால் நீளமாக ஒரு மணல்வெளி. அதில் ஒரு வீடு கிடையாது, ஒரு வேலி கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து யாரும் அங்கே ஒரு குச்சிகூட நட்டதில்லை. நட்டால் ஊர் சும்மா விடாது. விடியுமுன் நாற்பது படகுகள் அங்கிருந்து இறங்கும். பொழுது சாய, உருட்டுக்கட்டை போட்டு நாற்பதையும் அங்கேதான் இழுத்து ஏற்றுவார்கள்.

நகரத்திலிருந்து ஒரு கம்பெனி வந்தது. வெள்ளைக்காரர் வந்து தங்க விடுதி கட்டப்போகிறோம் என்றது. ரோடு வரும், விமானம் இறங்கும், ஊரே மாறிப்போகும் என்றது. இந்த நிலம் காலியாகக் கிடக்கிறது என்று ஒரு காகிதம், அதன்மேல் தெருத்தலைவர் முத்திரை. அவர்களுக்கு அது மட்டும் போதும். காகிதத்தோடு ஒரு போட்டோவும் ஒட்டியிருந்தது. வெள்ளை மணல், நீலக் கடல். வேறொன்றும் இல்லை.

லா மன்சா சரி என்றுவிட்டார். சேதி தெரிந்ததும் படகுக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"விட்டா பெண்டாட்டியோட அடுப்படியையும் காலின்னு எழுதிக் குடுப்பான்" என்றார்கள், அவர் காதில் விழும்படியே.

அன்றைக்கு லா மன்சாவுக்குப் பாடம் ஏறவில்லை. ஏட்டை மூடினார்.

"குருவம்மா, ஒண்ணு கேக்கணும். வெறும் மணலுக்கா எனக்கு இத்தனை வசவு?"

"வெறும் மணலா, அண்ணே?"

"பின்ன? வீடு இருக்கா? மரம் இருக்கா? பட்டா இருக்கா? நண்டு மேயுற இடம். ரோடு வந்தா என் மகன் மக்காசர் துறைமுகத்துல மூட்டை தூக்க வேண்டாம். இதுல என்ன பாவம், நீங்களே சொல்லுங்க. நாளைக்கு மதியம் கம்பெனி ஆளுங்க வராங்க."

"அந்தப் போட்டோவைக் காட்டுங்க."

காட்டினார். குருவம்மா நெடுநேரம் பார்த்தார்.

"எப்ப எடுத்தாங்க?"

"காலையில. பத்து மணி இருக்கும்."

"சரி. நாளைக்கு வீட்டுக்கு வரேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு" என்றார் குருவம்மா.

மறுநாள் லா மன்சா படகுத்துறையைக் கூட்டிவிட்டு நின்றார். வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதே. பத்து மணி இருக்கும், வீட்டுப் பக்கமிருந்து மனைவி வா ஹீலியின் கூச்சல் கேட்டது. ஓடினார்.

மரக்கால்மேல் நிற்கிற வீடு அது. உள்ளே மூலையில் மூங்கில் கட்டில் ஒன்று, அவர் அப்பா லா துஹா படுக்கிறது. அந்தக் கட்டில் காலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. கட்டில்மேல் இரண்டு கூடை கருவாடு கவிழ்த்துப் பரப்பியிருந்தது. கிழவர் மடித்து வைத்த கைலியை ஆடு சவைத்துக்கொண்டிருந்தது. குருவம்மா பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆட்டைத் தோள்ல போட்டுட்டு ஏணி ஏறி வந்தாங்க" என்றாள் வா ஹீலி. "உங்களுக்கு ஓதிக் குடுத்துக் குடுத்தே புத்தி கலங்கிப் போச்சு போல."

"என்ன இது, குருவம்மா?"

"இடம் காலியாக் கிடந்துச்சு, அண்ணே."

"அது எங்க அப்பா படுக்கிற இடம்!"

"பார்த்தேன். யாரும் படுத்திருக்கலை."

"கடலுக்குப் போயிருக்கார்! சாயங்காலம் வருவார்!"

"இப்ப இல்லையே. வேணும்னா ஒரு போட்டோ எடுத்துக்குங்க."

லா மன்சாவுக்குக் கோபம் உச்சி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது. குரு என்கிற மரியாதை எங்கே போனதோ.

"அறுபத்தெட்டு வயசு மனுசன்! உப்புத் தண்ணியில ஊறி, முதுகு விட்டுப்போய் வருவார். சாய்றதுக்கு அவருக்கு இந்த ஒரு இடந்தான் இருக்கு. வர்ற ஆளுக்கு விட்டுவச்ச இடத்தையா காலிங்கறது? எடுங்க! எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வெளிய போங்க!"

சொல்லி முடித்ததும் அவர் கண் வாசல் வழியாக மணல்வெளிக்குப் போனது. வா ஹீலி அவர் முகத்தையே பார்த்தாள். குருவம்மா கருவாட்டைக் கூடையில் அள்ள ஆரம்பித்தார்.

கீழே செருப்புச் சத்தம். கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மூத்தவர் ஏணிப் படியில் நின்றபடியே காகிதத்தை நீட்டினார்.

"முத்திரையை வச்சிடுங்க, தலைவரே. திரும்பிப் போகணும்."

லா மன்சா தகரப்பெட்டியை எடுத்தார். திறக்கவில்லை.

"ஐயா, அந்த இடம் காலி இல்லீங்க. சாயங்காலம் வரைக்கும் இருந்து பாருங்க. நாற்பது படகு ஏறும்."

"சாயங்காலம் வரைக்கும் உட்கார எங்களுக்கு நேரம் ஏது? அதான் போட்டோ இருக்கே."

"எங்க அப்பா படகும் அதுல ஒண்ணுங்க, ஐயா."

மூத்தவர் சிரித்தார். "அப்பாவா? அவரை ஏன் இந்த வயசுல கடலுக்கு அனுப்புறீங்க? விடுதிக்குக் காவல்காரரா போட்டுக்கறோம். நாற்காலி குடுப்போம். அதே மணல்லயே உட்கார்ந்திருக்கட்டும்."

"மணல்லயா?"

"வேலிக்கு வெளியே."

வா ஹீலி 'அல்லா' என்று வாய்க்குள் சொன்னாள். லா மன்சா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆனால் வாயிலிருந்து வந்தது என்னவோ குழைவுதான்.

"ஐயா பெரிய மனசு பண்ணி... கொஞ்சம் தள்ளி, பாறைப் பக்கமா ஏதாவது..."

"பாறையில யாரு குளிக்க வருவா? முத்திரையை வைங்க தலைவரே."

லா மன்சா குருவம்மாவிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குருவம்மா, நான் மாட்டேன்னா என்னைத் தூக்கிட்டு வேற தலைவனைப் போடுவாங்க. அவன் முத்திரையைக் குத்திடுவான். அப்புறம் நான் மாட்டேன்னு சொல்லி என்ன ஆகப்போகுது? நான் என்ன பண்ணட்டும்?"

குருவம்மா ஆட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லையாம்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னால என்னை வெளிய போன்னு சொன்னீங்களே, அண்ணே. மூணு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். இவங்ககிட்ட மட்டும் ஏன் அந்தச் சத்தம் வரலை?"

லா மன்சா தொண்டையைச் செருமினார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏணிப் பக்கம் திரும்பினார்.

மதினி அதோடு நிறுத்திக்கொண்டாள். கேட்ட நீங்கள் இன்றைக்கு சாமி கும்பிடும்போதோ தொழும்போதோ, கடலுக்குப் போயிருக்கிறவர்களுக்காக ஒரு நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள். வேறொன்றும் வேண்டாம்.