சவுண்ட்பாருக்கு வைத்த சந்தனம்

நேற்று கடை மெக்கானிக் செவந்தி டிவிக்கு மாட்டிவிட்டுப் போன சவுண்ட்பார் ஒலிப்பெட்டி இன்று ஊமையாகிவிட்டது. அவளை மறுபடி வரவழைத்து, வீட்டுக்காரர் காண்டிராக்டர் தில்லைநாயகம் விருந்தாளிகள் முன்னால் இரைந்தார்.

“டிஸ்க் பிளேயர் ஓடுது, சத்தத்தைக் காணோம்! நாலாபக்கமும் கேக்கணும். இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லி வேலையை விட்டே தூக்கிடுவேன்.”

செவந்தி பதறவில்லை. சவுண்ட்பாரைத் திருப்பிப் பார்த்தாள். எங்கும் சந்தனப் பொட்டு.

“பூஜை போட்டது யாருங்க சார்?”

“நானேதான். வயரையெல்லாம் கழட்டி, ஒரு இடம் விடாம பொட்டு வெச்சேன்!”

“ஆமாங்க சார், ஒரு இடம்கூட விடலை.”

வயர் சொருகும் துளையிலிருந்து காய்ந்த சந்தனத்தைக் கொண்டை ஊசியால் நெம்பி, உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினாள். பிறகு வயரைச் சொருகினாள். ஓடிய படத்தின் மழை, பின்சுவரில் மாட்டிய ஸ்பீக்கர் பெட்டிகளிலும் பெய்தது. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வேலை முடிந்ததற்கான கையெழுத்துக்குத் தாளை நீட்டியபடி செவந்தி பணிவாகக் கேட்டாள்:

“நாலாபக்கமும் கேக்குதுங்களா சார்?”