முதல் கலவையில் அள்ளிய கியூப்

ஈரச் சிமெண்ட் வாசம் எங்கே வந்தாலும் ஜெபக்கனி ஒரு நிமிஷம் நின்றுவிடுவாள். நாலு தெரு தள்ளி யாரோ தளம் போட்டால்கூட அவள் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததும் மனசு தூத்துக்குடிக்கு ஓடிவிடும், அந்த மகளிர் விடுதி கட்டிய இடத்துக்கு.

எப்பேர்ப்பட்ட காலம் அது! தலையில் மஞ்சள் ஹெல்மெட், தூக்கிச் செருகின சேலை, காலில் மகனுடைய பழைய ஷூ. காலையில் தளம் காயாமலிருக்க விரித்த சாக்குகளை நனைக்கும்போது ஷூவுக்குள்ளே தண்ணீர் புகுந்து சலக் சலக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பாலிடெக்னிக் படிப்பை, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு தொடர்ந்தவள் அவள். கட்டட வேலையில் பயிற்சி எடுத்து, சான்றிதழ் கொண்டுவந்தால்தான் கடைசிப் பரீட்சை. இதையும் விட்டால் படிப்பு அவ்வளவுதான்.

அங்கே அவளுக்குக் குருவாக வாய்த்தது நஸ்ரின். சைட் இஞ்சினியர். வயசில் ரொம்ப இளையவள். இவள் அவளை "மேடம்" என்பாள், அவள் இவளை "அக்கா" என்பாள். இதில் யார் யாருக்குக் குரு என்று டீக்காரருக்குக் கடைசிவரை குழப்பம்தான்.

முதல் மாடிக்கு பீம் போட்ட அன்றைக்கு நஸ்ரின் கூப்பிட்டாள்.

"கியூப் உங்க பொறுப்புக்கா. கம்பி லாரி வந்து நிக்கி, இறக்கிட்டு வந்திருதேன்."

கியூப் என்பது வேறொன்றுமில்லை. கான்கிரீட் போடும்போதே கொஞ்சம் அள்ளி, சதுர இரும்பு அச்சில் நிரப்பி வைப்பார்கள். இறுகின பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, மிஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். அது தாங்கினால் கட்டடமும் தாங்கும் என்று நம்பிக்கை.

ஜெபக்கனிக்கு ஒரே கவலை. என் கையால் போட்ட கியூப் தோற்றுப்போனால்? முதல் கலவை விழுந்ததுமே ஓடிப்போய் அள்ளினாள். பெரிய ஜல்லியைப் பொறுக்கி எறிந்தாள். கம்பியால் குத்திக் குத்தி, மேலே கரண்டியால் தடவிக் கொடுத்தாள்.

கான்கிரீட் மிக்சர் ஓட்டுகிற பொன்னுத்துரை எட்டிப் பார்த்தான். "எக்கா, கிறிஸ்மஸ் கேக்கா? முந்திரிப்பருப்புதான் குறைச்சல்."

"உம்ம வேலையப் பாரும்யா."

வெயில் ஏறிற்று. கலவை கெட்டிப்பட்டது. தள்ளித் தள்ளி எல்லாருக்கும் கை ஓய்ந்துபோனது. பொன்னுத்துரை தண்ணீர்க் குழாயை மிக்சருக்குள் திருப்பிவிட்டான். அதற்கப்புறம் கலவை கஞ்சி மாதிரி ஓடியது.

ஜெபக்கனி பார்த்தாள். தண்ணீர் கூடினால் பலம் குறையும் என்று சொல்ல வாயெடுத்தாள். கியூப்தான் நிரம்பியாகிவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து கியூப்பை நசுக்கினார்கள். அடேயப்பா! மிஷின் முள் ஏறிக்கொண்டே போனது. ஜெபக்கனி மக்ரூன் வாங்கி சைட்டு முழுக்கக் கொடுத்தாள்.

அதற்கும் பிறகுதான் பீமுக்கு அடியில் இருந்த பலகையைப் பிரித்தார்கள். நஸ்ரின் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். தொட்டியில் மிச்சமிருந்த ஒரு கியூப்பை எடுத்துவரச் சொன்னாள். சுத்தியலை ஜெபக்கனி கையில் கொடுத்தாள்.

"இதைத் தட்டுங்க."

கியூப் ணங்கென்றது.

"இப்ப பீமைத் தட்டுங்க."

பொத்தென்றது. ஜெபக்கனியின் ஹெல்மெட்டில் மணல் உதிர்ந்தது.

"ரெண்டும் ஒரே கலவைதானேக்கா?"

ஜெபக்கனி ஹெல்மெட்டு மணலைத் தட்டிவிட்டாள். "கியூப் பாஸாயிட்டே மேடம்."

"ஆயிட்டு. அப்ப விடுதிப் பிள்ளைகளை அதுக்குள்ளயே குடிவச்சிருவோமா?"

பொன்னுத்துரை சிரித்தான். நஸ்ரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். பழி பொன்னுத்துரையோடு போய்விடும், சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிடும். ஜெபக்கனி சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"முத கலவையில அள்ளிட்டேன் மேடம். பெறகு தண்ணி விட்டதையும் பாத்தேன். சொல்லல."

"ஏன்க்கா?"

"நான் போட்ட கியூப் தோத்துட்டா, சான்றிதழ் தரமாட்டீங்களோன்னு பயம்."

நஸ்ரின் பீமை அண்ணாந்து பார்த்தாள். "கூட நின்னு பாக்காம லாரிக்குப் போனேன்லா, அது என் தப்பு." பிறகு பொன்னுத்துரை பக்கம் திரும்பினாள். "அண்ணே, முட்டுக் குடுத்துட்டு ஒடைக்கிற மிஷினை எடுங்க. இடிக்கணும்."

சான்றிதழைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. இடிக்கிற சத்தத்தில் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை.

புது பீம் போட்ட அன்றைக்கு நஸ்ரின் மிக்சரை விட்டு நகரவில்லை. "கியூப் நீங்களே போடுங்கக்கா" என்றாள். ஜெபக்கனிக்கு நம்ப முடியவில்லை. பாதி வேலை நடக்கும்போது, பீமுக்குப் போகிற சட்டியை மறித்து, ஜல்லியும் மணலுமாக வந்தபடி அள்ளினாள். வழக்கமாகக் கியூப்புக்கு எவ்வளவு குத்துவார்களோ அவ்வளவுதான் குத்தினாள், தடவிக் கொடுக்கவில்லை.

"இந்தத் தடவ கேக்கு மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே" என்றான் பொன்னுத்துரை.

பயிற்சியின் கடைசி நாளில் புதுக் கியூப்பை நசுக்கின முடிவு வந்தது. பாஸ். ஆனால் தப்பித்தோம் பிழைத்தோம் என்கிற பாஸ்.

நஸ்ரின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அதற்காகத்தான் இத்தனை நாளும் வெயிலில் நின்றது. ஆனாலும் வாங்கிக்கொண்ட ஜெபக்கனிக்கு மனசு ஆறவில்லை.

"போன தடவ எவ்வளவு நல்லா வந்துச்சு மேடம். இப்ப ஏன் ஒட்டியும் ஒட்டாம வந்திருக்கு?"

நஸ்ரின் பேனாவை மூடினாள்.

"போன தடவ கியூப்புல நீங்க பேசுனீங்கக்கா. இந்தத் தடவதான் பீம் பேசியிருக்கு."